மௌனம் சம்மதம் அல்ல

(தொலைவில் இருக்கும் சர்வரின் நெட்வொர்க் அமைப்பைப் பாதுகாப்பாக மாற்றுவது பற்றி, கணினி மாணவர்களும் ஆசிரியர்களும் இணையச் சேவை ஊழியர்களும் கூடிய அவையில் செண்பகனூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. ஒரு சர்வர் எங்கோ ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் வேறோர் ஊரில் இருக்கிறோம். அதன் ஐ.பி. முகவரியையோ, கேட்வேயையோ, ஃபயர்வால் விதியையோ மாற்ற வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஆனால் எந்த வழியாக அந்த இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோமோ, அந்த வழியையே மாற்றுகிறோம். ஓர் இலக்கம் பிசகினாலும் இயந்திரம் கெட்டுப்போகாது. மின்விசிறி சுழலும், டிஸ்க் ஓடும், விளக்கு எரியும். நம்மால் அதை எட்ட முடியாது, அவ்வளவுதான். அந்த இயந்திரம் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டைத் தாங்குவதாக இருக்கலாம். பள்ளித் தேர்வு முடிவுகளை, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைத் தாங்குவதாக இருக்கலாம். அத்தனையும் நம் கைக்கு வெளியே போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'மௌனம் சம்மதம்' என்பது நம் வழக்கு. தொலைவில் இருக்கும் இயந்திரத்தை ஆளும்போது இந்த வழக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும். ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு நம்மிடமிருந்து எந்தச் சொல்லும் வரவில்லை என்றால், இயந்திரம் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். 'சரி, இது இருக்கட்டும்' என்று புது வழியில் வந்து நாம் சொன்னால் மட்டுமே மாற்றம் நிலைக்க வேண்டும். நான் இன்று சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு விதியின் விரிவுதான்.

கருவி ஓரிடம், கை வேறிடம்

இதைச் செண்பகனூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. நல்ல கருவியை வைக்கத் தகுந்த இடமும் மனிதர் கூடி வாழும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இந்த மலை நூறாண்டுக்கு முன்பே கண்டது. சென்னையில் நடந்துவந்த வானியல் பணி 1899-ல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. சூரியனைத் தெளிவாகப் பார்க்க உயரமும் தூசியில்லாத காற்றும் தேவைப்பட்டன. இந்தச் செண்பகனூரிலிருந்து மேலே ஏறிப் போனால் ஏறக்குறைய 2,340 மீட்டர் உயரத்தில் அந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது அங்கேதான். அன்றைய வானியலாளர்கள் கருவிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். கருவிக்கு ஏதாவது ஆனால் எழுந்து நடந்து போய்ப் பார்த்தார்கள்.

அதே மரபில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியை நிறுவி 2001-ல் நாட்டுக்கு அர்ப்பணித்தது. அதைக் கொண்டு வானத்தை நோக்குகிற விஞ்ஞானி பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்திருக்கிறார். கட்டளை செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. படம் அதே வழியாகத் திரும்பி வருகிறது. சுமார் நூறாண்டில் கருவிக்கும் கைக்கும் நடுவே ஒரு நாட்டின் நீளமே வந்துவிட்டது.

விஞ்ஞானிகளுக்கு நேர்ந்த இந்தப் பிரிவு இன்று எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது. இந்த மலையில் உள்ள வங்கிக் கிளை, பள்ளி, ஆஸ்பத்திரி, விடுதி எதை எடுத்தாலும் ஒரு ரூட்டராவது இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ சென்னையிலோ இருக்கிறார். இரவு பத்து மணிக்கு அவர் தட்டிய கட்டளையால் இணைப்பு அறுந்தால் என்ன செய்வார்? வத்தலக்குண்டிலிருந்து காட் ரோட்டில் ஏறி வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் நிற்பது காட்டெருமையா லாரியா என்று தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறி இந்த மலைகளைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்டது உங்கள் நினைவில் இருக்கும். தொலைவில் இருக்கும் இயந்திரத்தில் நேரும் பிசகை, அந்த இயந்திரத்துக்குப் போய்ச் சேரும் பாதையின் நீளத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

என்டர் தட்டிய பிறகு

இப்போது ஒரு மாற்றத்தை அருகே போய்ப் பார்ப்போம். சர்வரின் முகவரி 192.168.10.20. அதன் கேட்வே 192.168.10.1. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பிரித்து, சர்வர்களை 192.168.20 என்ற பகுதிக்குக் கொண்டுபோகிறார்கள். நாம் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே இருக்கிறோம். கோப்பைத் திறந்து முகவரியை 192.168.20.20 என்று திருத்துகிறோம். இரண்டு வரி தள்ளி இருக்கும் கேட்வேயைத் திருத்தத் தவறுகிறோம். என்டர் தட்டுகிறோம்.

திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. கர்சர் அதே இடத்தில் நிற்கும். அடுத்த எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றாது. நாம் பேசிக்கொண்டிருந்த 192.168.10.20 என்ற முகவரியில் இப்போது யாரும் இல்லை என்பதால், இணைப்பு அறுவது எதிர்பார்த்ததுதான். புது முகவரிக்கு லாகின் செய்து பார்க்கிறோம். அதற்கும் பதில் இல்லை. நம் செய்தி சர்வர் வரை போய்ச் சேரவும் கூடும். ஆனால் பதிலை வெளியே அனுப்ப சர்வருக்குக் கேட்வே வேண்டும். அது நம்பியிருக்கும் 192.168.10.1 இப்போது அதன் பகுதியிலேயே இல்லை. பக்கத்து இயந்திரங்களோடு அது பேசும். மலைக்குக் கீழே இருக்கும் நம்மோடு பேச அதற்கு வழியில்லை.

இந்தப் பிசகாவது உடனே தெரிந்துவிடுகிறது. இதைவிடப் பொல்லாதது ஃபயர்வாலில் நேர்வது. 'ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட இணைப்புகளை விடு' என்பது வழக்கமான முதல் விதி. 'மற்ற எல்லாவற்றையும் தடு' என்பது கடைசி விதி. நடுவில் எஸ்.எஸ்.எச்.சுக்குரிய 22-ஆம் போர்ட்டைத் திறக்கும் விதி இருக்க வேண்டும். அது விடுபட்டுப்போனது என்று வையுங்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இணைப்பு ஏற்கெனவே ஏற்பட்டது என்பதால் தங்குதடையில்லாமல் ஓடும். எல்லாம் சரி என்று நம்பி வெளியே வருகிறோம். மறுநாள் காலையில் திரும்பப் போனால்தான் பூட்டியிருப்பது தெரிகிறது. ஆகவே ஒரு பழக்கத்தை இன்றே பிடித்துக்கொள்ளுங்கள்: மாற்றம் செய்த பிறகு, பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொரு ஜன்னலைத் திறந்து, முதலிலிருந்து லாகின் செய்து பாருங்கள். புது இணைப்பு வந்தால்தான் சோதனை முடிந்தது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பது எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது பொறி, இரண்டாக உடைந்த கட்டளை. நெட்வொர்க் இன்டர்ஃபேஸை நிறுத்த ஒரு கட்டளை, மீண்டும் தொடங்க ஒரு கட்டளை. முதலாவதைத் தட்டியதுமே இணைப்பு போய்விடுகிறது. இரண்டாவதைத் தட்ட நம் கை அங்கே இல்லை. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுத்தாலும், நம் லாகின் அறுந்ததும் அதோடு சேர்ந்து அந்த வேலையும் செத்துப்போகக்கூடும். டிமக்ஸ், ஸ்கிரீன் போன்றவற்றுக்குள் இருந்து வேலை செய்தால், நம் இணைப்பு அறுந்தாலும் கட்டளை சர்வரிலேயே ஓடி முடியும்.

நான்காவது, நினைவகத்துக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாடு. லினக்ஸில் ஐ.பி. கட்டளையால் நேரடியாகச் செய்யும் மாற்றம் நினைவகத்தில் மட்டும் நிற்கும். ரீபூட் செய்தால் மறைந்துவிடும். கோப்பில் எழுதியது ரீபூட்டுக்குப் பின்னும் வரும். சிஸ்கோ கருவிகளில் இதையே ரன்னிங் கான்ஃபிக், ஸ்டார்ட்டப் கான்ஃபிக் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை அறியாதவருக்கு அது ஆபத்து: இன்று ஓடுவது, ஆறு மாதம் கழித்து மின்சாரம் போய் வந்ததும் ஓடாமல் நிற்கும். அறிந்தவருக்கு அதுவே பாதுகாப்பு: முதலில் நினைவகத்தில் மாற்று, சோதித்துப் பார், பிறகு கோப்பில் எழுது. நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரு ரீபூட் நம்மைப் பழைய இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும்.

தானே திரும்பும் ஏற்பாடு

கிணற்றில் தூர் வார இறங்குகிறவர் மேலே நிற்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்: 'கூப்பிட்டு நான் பதில் கொடுக்கவில்லை என்றால் கயிற்றை இழுத்துவிடுங்கள்.' உள்ளே கெட்ட காற்று இருந்தால் உதவி கேட்க அவருக்குக் குரல் இருக்காது என்பதை அவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார். உதவி கேட்க முடியாத நிலையில்தான் உதவி தேவைப்படும் என்ற அந்த அறிவு நெட்வொர்க் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. பிசகு நடந்த பின் கட்டளை கொடுத்துத் திருத்த முடியாது. திருத்தும் கட்டளையை முன்கூட்டியே இயந்திரத்தில் வைத்துவிட்டுத்தான் மாற்றத்தைத் தொட வேண்டும்.

இதற்கான கருவிகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. பலர் பயன்படுத்துவதில்லை என்பதே என் ஆதங்கம். உபுண்டுவில் 'நெட்பிளான் அப்ளை' என்று கொடுத்தால் மாற்றம் அப்படியே அமலாகும். 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால், அமலாக்கிவிட்டு 120 விநாடி காத்திருக்கும். அதற்குள் நாம் என்டர் தட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ஜூனிப்பர் ரூட்டர்களில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்றொரு கட்டளை உண்டு. வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடம் பொறுத்திருக்கும். மறுபடி 'கமிட்' என்று உறுதி செய்யாவிட்டால் பழையதை மீட்டுக்கொள்ளும். சிஸ்கோவில் வேலையைத் தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவைப்பது பழைய கைமுறை. பத்து நிமிடத்தில் ரூட்டர் ரீபூட் ஆகி, சேமித்து வைத்த அமைப்போடு எழும். வேலை நல்லபடியாக முடிந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்து நிறுத்தி, அதன் பிறகு சேமிக்க வேண்டும். சிறிய இணையச் சேவையாளர்கள் பலர் கையாளும் மைக்ரோடிக் ரூட்டரில் 'சேஃப் மோட்' இருக்கிறது. கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி அதில் நுழைந்தால், நம் இணைப்பு இயல்பற்ற முறையில் அறுந்தால் அதுவரை செய்த மாற்றங்களைத் தானே துடைத்துவிடும்.

இவை எதுவும் இல்லாத இயந்திரத்திலும் நாமே செய்துகொள்ளலாம். பழைய கோப்பை நகலெடுத்து வைக்க வேண்டும். அந்த நகலைத் திரும்ப அமலாக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத வேண்டும். 'அட்' கட்டளையாலோ சிஸ்டம்டி டைமராலோ, பத்து நிமிடம் கழித்து அது ஓடும்படி வைக்க வேண்டும். பிறகு மாற்றத்தைச் செய்ய வேண்டும். புது இணைப்பு கிடைத்தால் அந்த டைமரை ரத்து செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்.

இதில் நான்கு எச்சரிக்கைகள். மீட்கும் ஸ்கிரிப்ட் அந்த சர்வரிலேயே இருக்க வேண்டும். நம் மடிக்கணினியில் இருந்து பயனில்லை. அதை முன்பே ஒரு தரம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத மீட்பு வெறும் நம்பிக்கை. உறுதி செய்த பின் டைமரை ரத்து செய்ய மறந்தால், நல்ல மாற்றமும் பின்னோக்கிப் போய்விடும், அல்லது வேலை நேரத்தில் ரூட்டர் ரீபூட் ஆகிவிடும். கருவியின் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பாண்டு, பிரிட்ஜ் ஆகியவற்றின் சில அமைப்புகளை 'நெட்பிளான் ட்ரை'யால் பழைய நிலைக்குத் திருப்ப இயலாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. அத்தகைய இடத்தில் கன்சோல் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

ஏழு நாள் காத்திருந்த பொறியாளர்கள்

யாருமே நடந்து போய்ப் பொத்தானை அழுத்த முடியாத இயந்திரங்கள் உண்டு. அவற்றை ஆள்பவர்களிடம் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும்.

வாயேஜர் 2 விண்கலம் 1977 ஆகஸ்ட் 20 அன்று ஏவப்பட்டது. அதன் கணினியில் ஒரு விதி எழுதப்பட்டிருந்தது: ஒரு வாரம் பூமியிலிருந்து எந்தக் கட்டளையும் வராவிட்டால், தன் ரிசீவர் பழுது என்று கருதி மாற்று ரிசீவருக்கு மாறிக்கொள். 1978 ஏப்ரலில் தரையில் இருந்தவர்கள் உரிய காலத்தில் கட்டளை அனுப்பத் தவறினார்கள். கலம் விதிப்படி மாற்று ரிசீவருக்கு மாறியது. அதில் ஒரு குறை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பூமியின் குரலை அதனால் சரியாகப் பின்தொடர முடியவில்லை. பிறகு முதல் ரிசீவருக்குத் திரும்பியபோது, சிறிது நேரத்தில் அது நிரந்தரமாகச் செயலிழந்தது. கேட்கும் காதே இல்லாத கலத்துக்கு எந்தக் கட்டளையை அனுப்புவது? பொறியாளர்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். ஏழு நாள் மௌனத்துக்குப் பின், அந்த விதியின்படி கலம் தானாகவே மாற்று ரிசீவருக்கு மாறியது. குறையுள்ள அந்தக் காதோடு அலைவரிசையைக் கணித்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். யுரேனஸை 1986-லும் நெப்டியூனை 1989-லும் அருகே கண்டது, 1978-ல் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொண்ட அந்தக் கலம்தான்.

அதே கலத்துக்கு 2023 ஜூலை 21 அன்று அனுப்பிய கட்டளைகளால் அதன் ஆன்டெனா பூமியை விட்டு 2 டிகிரி விலகிவிட்டது. தொலைவு ஏறக்குறைய 1,990 கோடி கிலோமீட்டர். ஆனால் வாயேஜர் ஆண்டில் பல முறை தன் திசையைத் தானே சரிபார்த்து பூமியை நோக்கித் திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை அக்டோபர் 15 என்று குறித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தேதி கையில் இருந்ததால்தான் குழுவினர் பதறாமல் வேறு வழியையும் முயன்றார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள பெரிய ஆன்டெனாவிலிருந்து மிகுந்த சக்தியோடு ஒரு கட்டளையை அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்து, பலன் தெரிய 37 மணி நேரம் ஆயிற்று. ஆகஸ்ட் 4 அன்று தொடர்பு மீண்டது.

இந்த நல்ல முடிவு எல்லாக் கலங்களுக்கும் வாய்க்கவில்லை. 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1, ஆறு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தது. 1982 நவம்பரில் அதன் பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் முறையை மேம்படுத்த ஒரு கட்டளை அனுப்பினார்கள். அது, ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பும் தகவல் இருந்த இடத்தில் போய் எழுதிவிட்டது. அதன் பிறகு வைக்கிங் பேசவே இல்லை. நாம் தொட நினைத்தது பேட்டரியை. அழிந்ததோ பேச்சு வழி. 'இது நெட்வொர்க் மாற்றம் இல்லையே, சும்மா ஒரு அப்டேட்தானே' என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கர்னல் அப்டேட்டுக்குப் பின் இன்டர்ஃபேஸின் பெயர் மாறிப்போய், பழைய பெயருக்கு எழுதிய கோப்பு பயனற்றுப்போவது உண்டு. டிஸ்க் நிரம்பி லாகின் நின்றுபோவதும் உண்டு. தொலைவில் இருக்கும் இயந்திரத்தில் செய்யும் எந்த மாற்றமும் நெட்வொர்க்கைத் தொடக்கூடும் என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு வாசல்

தானே திரும்பும் ஏற்பாடு முதல் காவல். முன்வாசல் அடைத்துக்கொண்டால் உள்ளே போக இன்னொரு வாசல் இருப்பது இரண்டாம் காவல். சர்வர்களில் டெல்லின் ஐட்ராக், எச்.பி.இ.யின் ஐலோ போன்றவை இதற்காகவே இருக்கின்றன. தனிச் சிறு கணினியாக மதர்போர்டிலேயே உட்கார்ந்து, தனி முகவரியில் இயங்கி, சர்வரின் திரையையும் கீபோர்டையும் நமக்குத் தூரத்திலிருந்து காட்டும். கிளவுடில் வாங்கும் சர்வருக்குச் சேவை தருபவரின் வலைப்பக்கத்தில் கன்சோல் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் அந்த வாசலைத் திறந்து பார்க்க வேண்டும். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா, திரை வருகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

ஆனால் இரண்டு வாசலும் ஒரே பாதையில் திறந்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பராமரிப்பின்போது, அவர்களின் முதுகெலும்பு நெட்வொர்க்கில் எவ்வளவு இடமிருக்கிறது என்று கணிக்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. இத்தகைய கட்டளையைத் தடுக்க ஒரு சரிபார்ப்புக் கருவி இருந்தது. அதில் இருந்த பிழையால் அது தடுக்கவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த மாற்று நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. கடைசியில் பொறியாளர்கள் டேட்டா சென்டர்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. யாரும் எளிதில் நுழையாதபடி கட்டப்பட்ட அந்த இடங்களில் சொந்த ஊழியர்கள் நுழைவதற்கும் நேரம் பிடித்தது. அத்தனை பெரிய நிறுவனமும் கடைசியில் செய்தது நம் மலைக்கு ஆள் அனுப்புவதைப் போன்ற வேலைதான்.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 8-ல், கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் ஒரு கட்டமைப்பு மாற்றத்தின்போது, ரூட்டரில் இருந்த வடிகட்டி விதி ஒன்று நீக்கப்பட்டது. அது அடைத்து வைத்திருந்த ரூட்டுகள் வெள்ளமாய் உள்ளே வந்து மைய ரூட்டர்களைத் திணறடித்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பு இழந்தார்கள். டெபிட் கார்டு செல்லவில்லை. பலரால் அவசர எண்ணான 911-ஐ அழைக்க முடியவில்லை. டொரன்டோவில் உறவினர் இருப்பவர்கள் அன்று அவர்களை எட்ட முடியாமல் தவித்திருப்பார்கள். நிறுவனத்தின் ஊழியர்களாலும் சொந்த ரூட்டர்களை எட்ட முடியவில்லை. மேலாண்மை நெட்வொர்க்கும் அதே மைய நெட்வொர்க்கை நம்பி இருந்ததுதான் காரணம். ஊழியர்கள் கையில் இருந்த போன்களும் அதே நிறுவனத்தின் இணைப்பில் இருந்ததால், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கே வழியில்லாமல் போயிற்று.

நம் அளவில் இதற்குத் தீர்வு பெரும் செலவு பிடிப்பதல்ல. அலுவலக இணைப்பு ஒரு நிறுவனத்துடையது என்றால், மாற்று வழிக்கு வேறு நிறுவனத்தின் சிம் போட்ட சிறு மோடம் போதும். மாற்றம் நடக்கும் நேரத்தில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவரின் தொலைபேசி எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணும் அதே இணைப்பை நம்பியதாக இருக்கக் கூடாது.

வேலையின் வரிசை

இனி, ஒரு மாற்றத்தை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் இப்போதைய நிலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முகவரி, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ்., ரூட்டுகள், ஃபயர்வால் விதிகள். கோப்பைத் தேதியிட்டு நகலெடுங்கள். அந்தக் கோப்பைத்தான் இயந்திரம் படிக்கிறதா என்றும் பாருங்கள். கிளவுட் சர்வர்களில் கிளவுட்-இனிட் போன்ற நிரல்கள் ரீபூட்டின்போது நாம் எழுதியதன் மேலேயே எழுதிவிடக்கூடும்.

பெயர் கொண்டு அடையும் சர்வரின் முகவரியை மாற்றுவதென்றால், டி.என்.எஸ். பதிவின் ஆயுளை முதல் நாளே குறைத்துவிடுங்கள். 86,400 விநாடி என்று இருந்தால், உலகத்தின் பல இடங்களில் ஒரு முழு நாளுக்குப் பழைய முகவரியே நினைவில் இருக்கும். 300 என்று குறைத்துவிட்டு, ஒரு நாள் கழித்து மாற்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் புது இடத்துக்கு வருவார்கள்.

முடிந்த இடத்திலெல்லாம், பழையதை எடுக்கும் முன் புதியதைச் சேருங்கள். ஒரு இன்டர்ஃபேஸுக்கு இரண்டு முகவரி இருக்கலாம். பழைய பகுதியும் புதிய பகுதியும் சிறிது காலம் ஒன்றாக ஓட முடிந்தால், 192.168.10.20 இருக்கும்போதே 192.168.20.20-ஐயும் கொடுங்கள். புது முகவரி வழியாக உள்ளே வந்து, அங்கிருந்தபடி பழைய முகவரியை எடுங்கள். நிற்கும் இடம் உறுதியான பிறகே அடுத்த அடி.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். முகவரியையும் ஃபயர்வாலையும் கர்னலையும் ஒன்றாக மாற்றிவிட்டு இணைப்பு போனால், எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது.

நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்துபவர் குறைவு என்பதற்காக நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆனால் சர்வர் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் அந்த நேரத்தில் விழித்திருப்பாரா, மலைப்பாதை திறந்திருக்குமா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த மலையில் உள்ள இயந்திரத்துக்கு, அடைமழை நாளின் நள்ளிரவைவிட, பள்ளியோ அலுவலகமோ திறக்கும் முன் வரும் காலைப்பொழுது பல சமயம் நல்லது.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவரை மதியுங்கள். பெரும்பாலும் அவர் ஒரு எழுத்தராகவோ ஆய்வக உதவியாளராகவோ காவலராகவோ இருப்பார். அவருக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. எந்தப் பெட்டி, எந்தப் பொத்தான், எந்த விளக்கு என்று சீட்டு ஒட்டி வைத்தால், போன் மூலம் சொல்வதை அவர் சரியாகச் செய்வார். 'இன்று காலை ஏழு மணிக்கு இந்த வேலை செய்கிறேன், அருகில் இருக்க முடியுமா ஐயா?' என்று முன்கூட்டியே கேட்பது மரியாதை மட்டுமல்ல, வேலையின் ஒரு பகுதி.

கடைசியாக, உறுதி செய்வதற்கு முன் சோதனை. வெளியிலிருந்து புதிதாக லாகின் செய்யுங்கள். சர்வரிலிருந்து வெளியே போக முடிகிறதா, பெயர்கள் முகவரியாக மாறுகின்றனவா, அந்த சர்வர் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். எல்லாம் தேறினால் உறுதி செய்யுங்கள், டைமரை ரத்து செய்யுங்கள், கோப்பில் எழுதுங்கள். பிறகு, ஆள் அருகில் இருக்கும் அதே நேரத்தில் ஒரு தரம் ரீபூட் செய்து பாருங்கள். ஆறு மாதம் கழித்து மின்வெட்டில் தெரியவேண்டியது அன்றே தெரிந்துவிடும்.

ஆசிரியர்களுக்கும் நிறுவனங்களுக்கும்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐ.பி. முகவரி என்றால் என்ன, சப்நெட் எப்படிப் பிரிப்பது என்று நம் பாடத்திட்டம் கற்பிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அதை எப்படி மாற்றுவது என்று கற்பிப்பதில்லை. ஆய்வகத்தில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை வைத்து, மாணவர் வேண்டுமென்றே தவறான கேட்வே கொடுத்து வெளியே பூட்டிக்கொள்ளட்டும். டைமர் ஓடி, பழைய நிலை திரும்பி, லாகின் மீண்டும் திறப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். ஒரு மணி நேரப் பயிற்சி போதும். அதைச் செய்தவர் பிறகு எந்த சர்வரிலும் டைமர் வைக்காமல் நெட்வொர்க்கைத் தொட மாட்டார்.

நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு ஒரு சொல். இந்த ஒழுங்கைத் தனி ஒருவரின் நினைவாற்றலுக்கும் சாமர்த்தியத்துக்கும் விட்டுவிடாதீர்கள். களைப்பாக இருக்கும் இரவில், அவசரத்தில், யாருக்கும் கை பிசகும். கெட்டிக்காரருக்கும் பிசகும். அதனால் இதை எழுதிய விதியாக வையுங்கள்: தொலைவில் இருந்து செய்யும் எந்த நெட்வொர்க் மாற்றமும், உறுதி செய்யாவிட்டால் தானே திரும்பும் ஏற்பாட்டோடு மட்டுமே நடக்க வேண்டும். மாற்று வாசலைத் தொடங்கும் முன் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்காகக் கூடுதலாக ஆகும் அரை மணி நேரத்துக்கு யாரும் யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது.

மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் நம் கையில் இருக்கட்டும். அதை நிலைநிறுத்தும் உரிமை, மாற்றம் நடந்த பிறகும் நம் குரல் அங்கே எட்டுகிறது என்ற சான்றுக்கு மட்டுமே இருக்கட்டும். மலைமேல் ஓர் இயந்திரத்தை நம்பி மருந்துச் சீட்டுக்காகவும் மதிப்பெண் சான்றிதழுக்காகவும் வரிசையில் நிற்கும் மனிதருக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது. நாளை காலை நீங்கள் தொடப்போகும் முதல் ரூட்டரிலேயே இதைத் தொடங்குங்கள்.